கண் இடம் மாறிய நாக்கு மீன்

என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் இல்லாவிட்டால் அவர் இந்தக் குடும்பத்துக்குள் வந்திருக்கவே மாட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. கலவை சுமந்தேன், டைல்ஸ் பதிக்கக் கற்றேன், பதிக்கிறவனைவிட விற்கிறவன் நிழலில் உட்காருகிறான் என்பதைக் கண்டுகொண்டு விற்கக் கற்றேன். இன்று இந்த ஊரில் யார் குளியலறை கட்டினாலும் என் கடைக்கு வராமல் முடியாது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று எந்த நிறம் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் சொல்வதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கடையின் முகப்புக்குக் கண்ணாடி போட வந்தவர்தான் இவர். ஆள் உயரக் கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி, இன்னொருவரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார். எதிரே வருகிறவர்களிடம் "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அது அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். யாரும் வழிவிடவில்லை. அவர்தான் எல்லோருக்கும் வழிவிட்டார். காலையில் வருவதாகச் சொன்னவர் மதியம் வந்து சேர்ந்தார். ஆனால் அந்தக் கண்ணாடி சட்டத்துக்குள் போய் உட்கார்ந்த அழகைப் பார்த்ததும் நான் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். என் தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். எப்போது உடையுமோ என்கிற பொருளோடு காலம் தள்ளிப் பழகியவர்தான் அவளுக்குச் சரிப்படுவார். ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது. இன்றுவரை அவர்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்ததில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், அங்கே இருப்பது ஒருவர்தான்.

அவர் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. நடுவில் பச்சைக் கம்பளித் துணி விரித்த பெரிய மேசை. சுவரோரம் அளவு வாரியாகச் சாய்த்து வைத்த கண்ணாடிகள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பார். கிர்ரென்று ஒரு சத்தம், கீழே இருந்து விரலால் ஒரு தட்டு, கண்ணாடி சொன்ன இடத்தில் பிரிந்துவிடும். ஊர் ஜன்னலெல்லாம் அவர் கைபட்டவை. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மட்டும் கண்ணாடி விரிசல் விட்டு, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிக் கிடக்கிறது. நாளைக்கு மாற்றுகிறேன் என்று அவர் சொல்லி, அந்த நாளையில் பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போயிருக்கும்.

கடையில் மரச்சட்டங்களோடு சட்டமாக ஒரு தூண்டில் கம்பும் சாய்ந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு, பழைய வாய்க்கால் கடலில் விழுகிற இடத்துக்குப் போய்விடுவார். ஒருமுறை நான் கேட்டேன், அப்படி அங்கே என்னதான் இருக்கிறது மாப்பிள்ளை என்று.

"அங்க எதுவும் உடையாது மச்சான்," என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த நீளமான விளக்கம் அதுதான்.

போவது நாக்கு மீனுக்காக. நாக்கு மாதிரியே தட்டையாக, மணலோடு மணலாகப் படுத்துக் கிடக்கிற மீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல அதற்கும் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து அடுத்த பக்கத்துக்கே குடிபோய்விடும். கண்ணில்லாத பக்கத்தைக் கீழே வைத்து அது ஆயுசு முழுக்கப் படுத்தே காலத்தை ஓட்டும். எங்கள் கரையில் கிடைக்கிற வகைக்குக் கண் இரண்டும் வலப்பக்கம். தூரத்துக் கடலிலிருந்து ஐஸ்பெட்டியில் சந்தைக்கு வருகிற வகைக்கு இடப்பக்கம். குளிர் விலகத் தொடங்கும்போது எங்கள் மீன் ஆழத்தில் முட்டை போட்டுவிட்டுக் கரைக்கு வரும். பிள்ளை பெற்ற உடம்பு, அதில் சாப்பிட ஒன்றும் இருக்காது. கோடை முற்றியபிறகு கொழுகொழுவென்று ஆகும். ஆனால் வளர்ந்த ஆண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு, பருவத்தின் முதல் மீன் யாருக்கு என்று போட்டி போடுவதெல்லாம் அந்த எலும்புக்கூடு வருகிற மாதத்தில்தான். கொழுத்த மீனைப் பிடித்தவரை யாரும் தோளில் தட்டுவதில்லை.

மாப்பிள்ளையின் தூண்டிலில் மீன் அவ்வளவாக மாட்டாது. அது அவருக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை. வீட்டில்தான் குறையாகப் போயிற்று. எத்தனை வாரம் வெறுங்கையோடு வருவது என்று, ஒரு ஞாயிறு அவர் ஒரு மீனோடு வந்தார். தன் கையால் பிடித்தது என்றார். தங்கச்சி அதைக் கழுவ எடுத்தாள். செவுளைத் தூக்கினால் உள்ளே ஒரு ஐஸ் துண்டு. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நீட்டினாள். கடல் அவ்வளவு குளிர் என்றாராம். பொய் சொல்வதிலும் மனுஷனுக்கு முன்னேற்பாடு கிடையாது. இந்தக் கதையை அவள் என்னிடம் சொன்னாள், நான் கடையில் சொன்னேன், கடையில் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. அன்றிலிருந்து கடற்கரையில் அவர் பெயர் ஐஸ்கட்டி. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

விஷயம் முற்றியது புழுவால். தூண்டிலுக்கு வேண்டிய கடற்புழுவைச் செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால்தான் உயிரோடு இருக்கும். போன குளிரின் கடைசியில் அந்தப் பொட்டலம் பிரிந்து, புழுக்கள் வெளியூர் பார்க்கக் கிளம்பி, ஒன்று பால் பாத்திரத்தின் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. அதைப் பார்த்தது தங்கச்சி இல்லை, வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி. அன்று மாலையே என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தீர்ப்பை நின்றபடியே சொன்னாள்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள உங்க கையால பிடிச்ச நாக்கு மீன் ஒண்ணு இந்த வீட்டுக்கு வரணும். வரலன்னா அந்தக் கம்ப ரெண்டா வெட்டி ஜன்னல் திரைக்குப் போட்டுடுவேன். ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து இந்தக் கண்ணாடிய மாத்துங்க. புழுவும் வேணாம், பொய்யும் வேணாம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ கூடப் போ. நீ பார்த்தேன்னு சொன்னாதான் நான் ஒத்துக்குவேன்."

சாட்சி என்றால் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அது புதிதில்லை. மாப்பிள்ளை எழுந்து போய், கடையிலிருந்து அவள் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த கம்பை எடுத்து, ஒன்றுமில்லாத தூசியைத் துணியால் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். அப்போதுதான் அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. வாரம் முழுக்க, பார்த்து, ஜாக்கிரதை, மெதுவா என்று பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிற மனுஷன். அந்த வார்த்தைகள் இல்லாத ஒரே காலை அது.

அந்த மாதத்து ஞாயிறுகள் ஒவ்வொன்றாக ஓடின. கடலும் சும்மா இருந்தது, தூண்டிலும் சும்மா இருந்தது. கடைசி ஞாயிறு வந்தது.

அன்று காற்று ஆளைத் தள்ளியது. நான் புதுக் கார் வாங்கியிருந்த நேரம். உப்புக்காற்று முகப்பில் பட்டால் பளபளப்பு போய்விடும் என்பதால், கடலுக்குக் காரின் முதுகைக் காட்டி நிறுத்தினேன். இதெல்லாம் கார் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை கம்பைச் சாய்த்து வைக்கிற முக்காலியை மணலில் ஊன்றி, புழுவைக் கோத்து, வீசினார். அவருக்குத் தோள்பட்டையில் பழைய வலி, கண்ணாடி தூக்கித் தூக்கி வந்தது. தூண்டில் போய் விழுந்தது அலை உடைகிற முதல் பள்ளத்தில், ஒரு எட்டு நடந்தால் கையாலேயே எடுத்துவிடலாம் போல. சற்றுத் தள்ளி நின்ற இன்னொருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இந்தக் கரையில் யாரும் அவரளவுக்குத் தூரமாக வீசியதில்லை என்பதால் அவர் பெயரே தூரம். அடுத்த நாட்டு மீனைப் பிடிக்கிறவர் மாதிரி வீசுவார். நாக்கு மீன் பருவத்தின் தொடக்கத்தில் காலடியிலேயே வந்து படுத்துக் கிடக்கும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் பெயரை மாற்ற வேண்டிவரும்.

கம்பின் நுனியில் மாப்பிள்ளை ஒரு சின்ன மணி மாட்டியிருந்தார். மீன் கடித்தால் அடிக்கும். அந்தக் காற்றில் அது கடிக்காமலேயே விடாமல் அடித்தது. எனக்கு ஒரு பெரிய வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருந்தது. புது விடுதி கட்டுகிறவர், மாடி மாடியாகக் குளியலறை. மணியைக் கழற்றுங்கள் மாப்பிள்ளை, தலைவலிக்கிறது என்றேன். உடனே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். பின்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பேச்சு நீண்டது. வியாபாரம் பேசும்போது நான் கடலைப் பார்ப்பதில்லை, எதிராளியின் குரலைத்தான் பார்ப்பேன். நீல டைல்ஸில் முடித்துக்கொடுத்தேன்.

பேசி முடித்த நேரம் பக்கத்துக் கண்ணாடியில் டொக் டொக் என்று விரலால் தட்டுகிற சத்தம். கண்ணாடிக்காரர் தட்டு, வேறு யாருக்கும் அப்படி வராது. இறக்கினேன். வெளியே மாப்பிள்ளை. முழங்கால் வரைக்கும் ஈரம், மூக்கு நுனியில் ஒரு துளி, இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ஒரு நாக்கு மீன்.

"வந்துடுச்சு மச்சான்," என்றார்.

அவர் எதையும் துடிக்க விடமாட்டார், அங்கேயே தலையில் ஒரு தட்டுத் தட்டி அமைதிப்படுத்தியிருந்தார். தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கடலும் அன்று ஐஸ் மாதிரிதான் இருந்தது என்று வையுங்கள், ஆனால் இவர் விஷயத்தில் அந்தக் குளிர்ச்சி நல்ல அறிகுறி இல்லை. அதற்குள் தூரமும் தன் கம்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். மீனைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதலாளி, கண் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்த்தேன். டைல்ஸ் வியாபாரத்தில் இடமும் வலமும் தெரியாதவன் ஒரு நாள் தாங்கமாட்டான். பூ வேலை செய்த கல்லில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று இருக்கும். வயிறு கீழே இருக்கும்படி, கண் உள்ள பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், எங்கள் கரை மீனின் தலை வலது கைப்பக்கம் வர வேண்டும். இதன் தலை இடப்பக்கம் இருந்தது.

"சந்தை மீன்," என்றார் தூரம். "நம்ம கடல்ல இது கிடையாது. ஐஸ்கட்டி இந்தத் தடவை ஐஸ மட்டும் கழுவிட்டு வந்திருக்காரு."

மாப்பிள்ளை மீனின் வாயைத் திறந்து, தூண்டில் முள் தொண்டைக்குள் இருப்பதைக் காட்டினார். நாக்கு மீன் எப்போதும் அப்படி ஆழமாகத்தான் விழுங்கும். அதைக் கட்டிய நைலான் நரம்பை வெட்டிவிட்டு எடுத்து வந்திருந்தார். செவுளுக்குள் ஐஸை வைத்துக்கொண்டு வந்தவருக்குத் தொண்டைக்குள் முள்ளை வைக்கத் தெரியாதா என்று தூரம் கேட்டார். அவர் பை முழுவதையும் காலையில் நானே சோதித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சோதித்தேன்தான். ஆனால் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, புழு என்றால் எனக்கு ஆகாது. அந்தப் பொட்டலம் ஒரு நாக்கு மீன் அகலம் இருந்தது என்பதும் உண்மை.

மாப்பிள்ளை யாரோடும் வாதாடவில்லை. என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு முன்னால் மீனைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் தலை வலப்பக்கம், கண் வலப்பக்கம், அசல் எங்கள் கரை மீன்.

"இதுல சரியாதான் இருக்கு," என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே அது ஒரு சமாதானம் என்று நினைத்தாரா, எனக்கு இன்றும் தெரியாது. தூரம் மட்டும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மீன் அவர் மடியில் செய்தித்தாளுக்குள் இருந்தது. இருக்கை நனையக்கூடாது என்று நான் இரண்டு தாள் கூடுதலாகக் கொடுத்தேன். பிடித்ததைப் பார்த்தாயா என்று தங்கச்சி கேட்டால் நான் பொய் சொல்ல முடியாது மாப்பிள்ளை என்றேன். வேண்டாம் மச்சான் என்றார். ஒரு வளைவு தாண்டி, திரைக்கென்றால் அந்தக் கம்பு வளையும், நடுவில் தொங்கும் என்றார்.

சமையலறையில் தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் மீனைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குற்றவாளி நிற்கிற மாதிரி கதவோரம் நின்றார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். காரில் இருந்தேன், பார்க்கவில்லை, கண் இடப்பக்கம் இருக்கிறது, இந்தக் கரையில் அப்படி ஒரு மீனை நானும் கண்டதில்லை, தூரமும் கண்டதில்லை. சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரர் என்று பார்க்காமல் நியாயத்தைச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அது எனக்கு இருக்கிறது.

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு முதலில் செவுளைத் தூக்கினாள். ஐஸ் இல்லை. மோந்து பார்த்தாள். கண் எந்தப் பக்கம் என்று அவள் பார்க்கவே இல்லை. வாலைப் பிடித்து மீனைத் தூக்கி, மறுகையை அதன் பின்னால் வைத்து, அந்த விரிசல் விட்ட ஜன்னலுக்கு நேராகக் காட்டினாள். வெளிச்சம் மீனுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. அவள் விரல்களின் நிழலை என்னால் மீனுக்குள்ளேயே பார்க்க முடிந்தது. நடுமுள், பக்கத்து முள், அதற்கு மேல் ஒரு தோல். அவ்வளவுதான் அந்த மீன்.

"அண்ணா, நீ எந்தக் காலத்துல மீன் வாங்கியிருக்க?" என்றாள். "இத எந்தக் கடைக்காரன் வைப்பான்? வச்சா அடுத்த நாள் கடைய மூட வேண்டியதுதான். ஐஸ்ல வர்ற மீனெல்லாம் விரல் கனத்துக்கு இருக்கும். இத வாங்கிட்டு வரணும்னா, இவரவிட ஏமாந்தவன் ஒருத்தன் விக்கணும்."

"கண்ணு?" என்றேன்.

"நூத்துல ஒருத்தருக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறதில்லையா. அது போல ஒண்ணு. அதுவும் தேடிப் பிடிச்சு இவரு தூண்டில்லதான் வந்து மாட்டும்."

பிறகு கதவோரம் பார்த்தாள். "ஏங்க, கம்பு உங்களுக்கே இருக்கட்டும். புழுவுக்கு மட்டும் மூடி போட்ட டப்பா வாங்குங்க."

மாப்பிள்ளை தலையாட்டினார். பிடித்த மீனைப் பற்றி இவ்வளவு கேவலமாக ஒருத்தி பேசியும் ஒரு மனுஷனின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப்பையில் கைவிட்டார், உள்ளே இருந்த மணி ஒருமுறை அடித்தது.

அதைப் பொரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றால் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தோம், கடைசியில் பார்த்தால் தட்டில் எல்லாமே ஓரத்தில்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். கோடையில் இதுவே இரண்டு மடங்கு கொழுத்துவிடும், அப்போது பிடித்துக்கொண்டு வருகிறேன் பார் என்றும் சொன்னார். ஆள் கொஞ்சம் தைரியமாகியிருந்தார்.

"கொண்டு வாங்க," என்றாள் தங்கச்சி. "நல்ல மீனா இருந்தா நான் நம்ப மாட்டேன்."

கடற்கரையில் அந்தச் செய்தியை நான்தான் சொன்னேன். நான் அன்று அவ்வளவு கண்டிப்பாக நின்றதால்தான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சந்தேகம் போயிருக்காது. பருவத்தின் முதல் மீன் ஐஸ்கட்டிக்குத்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. தூரம் இன்னும் தூரமாக வீசிக்கொண்டிருக்கிறார்.

கோடை முற்றியபோது மாப்பிள்ளைக்கு உண்மையாகவே ஒரு பெரிய மீன் மாட்டியது. உள்ளங்கை தடிமன், கண் ஒழுங்காக வலப்பக்கம், குறை சொல்ல ஒரு இடம் கிடையாது. அன்று நான் கூடவே நின்று இந்தக் கண்ணால் பார்த்தேன். நான் வந்து தங்கச்சியிடம் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் மீனை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். இதைக் கொண்டுபோனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் மச்சான் என்று சொல்லி, என் கார் டிக்கியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அந்த மீனை அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எங்கே வாங்கியது, யார் பிடித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.